வாசித்துக் காட்டும் நட்பு

ஆர்.கே.பேட்டை வட்டாரத்திலிருந்து திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்கோ, ரயிலேறிச் சென்னை மாநிலக் கல்லூரிக்கோ பட்டப்படிப்புக்குச் செல்லும் பார்வையற்ற மாணவனுடைய சிநேகங்கள் எங்ஙனம் உண்டாகின்றன என்று விசாரித்தால், அவற்றுள் பல, ஒரு புத்தகத்தை அவனுக்காக மற்றொருவன் உரக்க வாசித்ததில் தொடங்கியிருப்பதைக் காணலாம். பாடத்தை வாசித்துக் காட்டுபவன், வகுப்புக் குறிப்பை ஒலிப்பதிவு செய்து தருபவன், விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கைகோத்து அழைத்துச் செல்பவன் ஆகிய மூவரும் அநேக சமயங்களில் ஒருவனே. இவ்வழக்கத்தைத் தருமம் என்று புகழ்ந்துவிட்டு, அதற்குமேல் ஆராயாமல் நம் கலாசாலைகள் விட்டுவிடுகின்றன.

இதன் நன்மை குரலில் இருக்கிறது. பிறர் முகத்தைப் பார்த்து மதிப்பிடும் சௌகரியம் இல்லாதவனுக்கு, நாள்தோறும் எதிரே அமர்ந்து இலக்கணமோ இந்திய வரலாறோ வாசிப்பவனுடைய சிரத்தை, களைப்பு, ஆவல், அறியாமை யாவும் அக்குரலிலேயே பிரத்தியட்சமாகிவிடுகின்றன. 1652-இல் பார்வையை முற்றிலும் இழந்த ஆங்கிலக் கவி மில்டனிடம், பத்தாண்டு கழித்து, தாமஸ் எல்வுட் என்ற இளைஞன் லத்தீன் நூல்களை வாசிக்க வந்தான். பொருள் விளங்காமல் அவன் வாசிக்கும் இடங்களைத் தொனியிலிருந்தே கண்டுகொண்டு, மில்டன் அவனை நிறுத்தி, கடினமான பகுதிகளை விளக்கிச் சொல்வாராம். அதே மில்டன், தம் புதல்வியருக்குப் பொருள் தெரியாத பாஷைகளிலுள்ள நூல்களையும் அவர்களைக்கொண்டு வாசிக்கச் செய்ததும், அவர்கள் அதனால் மனங்கசந்ததும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கின்றன. மனிதர் ஒருவர், தேவை ஒன்று, செயலும் ஒன்று. ஆயினும் ஓரிடத்தில் அது நட்பாயிற்று, மற்றோரிடத்தில் ஊழியமாயிற்று. வாசித்தவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்ததா என்பதே இவ்வேற்றுமைக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

நம் இரட்டைப் புலவர்களைப் பற்றிய மரபுக் கதையில் இப்பங்கீடு பூரணமாக அமைந்திருக்கிறது: கண்ணற்றவர் காலற்றவரைத் தோளில் சுமந்தார், சுமக்கப்பட்டவர் வழி சொன்னார், ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடித்தார். இதில் உபகாரம் செய்தவர் யார், பெற்றவர் யார் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் எல்லைப்புறத்தில் இத்தகைய பரிமாற்றத்துக்கு ஒரு விசேஷ வாய்ப்பும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பின்னரும், இப்பக்கத்து வீடுகள் பலவற்றில் தெலுங்கே பேசப்படுகிறது. ஆனால் தமிழ்ப் பள்ளியில் மட்டுமே படித்த பிள்ளைகளுக்கு அதன் எழுத்துப் பழக்கமில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் உருவான பாரதி பிரெயில் முறையிலோ, தமிழ்க் ககரத்துக்கும் தெலுங்குக் ககரத்துக்கும் புள்ளியமைப்பு ஒன்றே. ஆகவே தமிழ் பிரெயில் கற்ற மாணவன், தெலுங்குக்கே உரிய எழுத்துக்களை மட்டும் கூடுதலாகப் பயின்றுகொண்டால், தோழனுடைய வீட்டு பாஷையிலுள்ள நூலொன்றை விரலால் தடவி, அதை வாசிக்கத் தெரியாத அத்தோழனுக்கே வாசித்துக் காட்டலாம். எங்கள் கல்லூரி நூலகங்கள் தெலுங்கு பிரெயில் புத்தகங்கள் சிலவற்றையேனும் வரவழைத்து வைப்பது அவசியம்.

இனி இவ்வழக்கத்தின் தோஷத்துக்கு வருவோம். அது குணத்தைவிட ஆழமாக மறைந்து கிடக்கிறது. சண்டையிடும் சுதந்திரம் இல்லாத இடத்தில் சிநேகம் முழுமை பெறுவதில்லை. பார்வையுள்ள இருவர் இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் சமாதானமாகலாம். தன் நூலகமும் வழித்துணையும் அறிவிப்புப் பலகையும் ஒரே தோழனாக இருக்கப்பெற்றவனுக்கோ அந்த இரண்டு நாளும் பெருநஷ்டம்; பரீட்சை நெருங்கும்போது, நேற்றுத் தன்னைக் கேலி செய்தவன்மீது கோபம் காட்ட வகையின்றி, "மச்சான், அந்த மூணாவது யூனிட்ட மட்டும் படிச்சுக் காட்டுடா" என்று கேட்கவேண்டியவனாகிறான். வாசிப்பவன் நிலையும் சுகமானதன்று. விளையாடப் போகவேண்டும் என்று சொல்ல அவன் கூசுகிறான், அக்கூச்சமே நாளடைவில் சலிப்பாகிறது, அச்சலிப்பைக் கேட்பவனுடைய செவி எல்லோருக்கும் முன்னதாக அறிந்துவிடுகிறது.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. தாழ்வாரத்தில் யார் தனியே நிற்கிறார்கள் என்று கண்டு, தானே அணுகிப் பேசும் வாய்ப்பு பார்வையற்றவனுக்கு அரிது. அணுகுபவர்களிலும் சிலர் தோளைத் தட்டி, "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று அவனுக்குச் சோதனை வைக்கிறார்கள். வேடிக்கை என்று எண்ணிச் செய்யப்படும் இது, நூறு பேர் நடுவில் அவனை நிறுத்திக் காட்சிப்பொருளாக்குவதை அவர்கள் உணர்வதில்லை. பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதும், சொல்லிக்கொண்டு போவதுமே மரியாதை. பெண்களுக்குக் கஷ்டம் இன்னும் அதிகம்: வாசிப்பவளும் பெண்ணாக இருக்கவேண்டும் என்பது வீட்டாரின் நிபந்தனை, விடுதிக் கதவு மூடும் வேளையில் பார்வையற்றவளுடைய நூலகமும் மூடிவிடுகிறது.

யந்திரங்கள் வந்துவிட்டனவே என்பர். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் ஸ்கிரீன் ரீடர், யூனிகோடில் அமைந்த தமிழைத் தெளிவாக வாசிக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடத்தையோ வெறும் ஒலிக்குவியலாக உளறுகிறது. ஜெராக்ஸ் நோட்ஸைப் படமாக மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறது. எனவே ஆசிரியர் தம் குறிப்பை எந்த எழுத்துருவில் அடிக்கிறார் என்பது, ஒரு மாணவனுடைய சிநேகங்களின் தன்மையையே நிர்ணயிக்கும் விஷயமாகிறது. யந்திரம் பெருகினால் நட்புக் குறையும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. பாடத்தை யந்திரம் வாசித்துவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தை இருவரும் வெறும் பேச்சில் கழிக்கலாம், பேசாமலும் இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடத்தை ஒதுக்கும் அரசுக் கலாசாலை, அவ்விடத்தில் அமர்ந்தவன் படிக்கத்தக்க வடிவில் நூலையும் தரக் கடமைப்பட்டதன்றோ?

பரீட்சைக் கூடத்தில் வழக்கம் வேறுவிதமாகத் திரும்புகிறது. தான் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்கிரைபை மாணவன் தானே அழைத்துவந்தால், அவர் அவனைவிட ஒரு படி குறைந்த படிப்புடையவராக இருக்கவேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் நெறிமுறை விதித்தது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆயினும் ஆண்டு முழுவதும் உடன் வாசித்தவன் வெளியே நிற்க, பாடத்தின் கலைச்சொற்களையே கேட்டறியாத ஒருவர் உள்ளே எழுதுகிறார். மணிக்கு இருபது நிமிஷம் வீதம், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த ஒரு மணியில், வினாத்தாளைப் பற்றிய வாதங்களும் சிரிப்பும் வாயிலில் நடந்து முடிந்து, ஆர்.கே.பேட்டைப் பேருந்தும் தோழர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. பிறருக்குப் பத்து மணிக்குத் தேர்வு என்றால், இவர்களுக்கு ஒன்பதுக்கே தொடங்கி, பொதுத்தேர்வு தொடங்கும்வரை கூடத்தைவிட்டு வெளியேறாமல் வைத்திருந்தால் ரகசியமும் காக்கப்படும், எல்லோரும் ஒன்றாக வெளிவரவும் இயலும். விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்கவேண்டியிருக்கும் என்பது இதிலுள்ள இடர்ப்பாடு. எந்த மணியை அவரவர் விரும்புகிறார்கள் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு வரியில் கேட்டுவிடலாம்.