கோட்டுக்கு ஓர் அளவு, எண்ணுக்கு ஓர் அளவா?

கணிப்பொறியில் கட்டடப் படம் வரையக் கற்க விரும்பும் ஒருவருக்கு இன்று குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி நிலையங்கள் கொடுக்கும் நகலெடுத்த தாள்கள், தமிழில் வந்துள்ள கையேடுகள், கைப்பேசியில் காணும் பாடங்கள் என்று எங்கு திரும்பினாலும் தொடங்குவோர்க்கு இருபது குறிப்புகள், ஐம்பது கட்டளைகள் என்ற பாணியிலான தலைப்புகள் கண்ணில் படுகின்றன. இவை தமிழில் கிடைப்பது நல்லதே. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சிவில் படவரைவாளர் பிரிவில் சேரும் மாணவருக்கு ஆங்கிலக் கையேடு பாதி புரியும், பாதி புரியாது. அவ்வகையில் இக்குறிப்புகளை எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், வாசகர்களே, இவற்றில் பலவற்றைப் பார்த்தபின் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விரைவாகக் கோடு போடச் சொல்லித் தருகிறார்கள். அந்தக் கோட்டின் நீளத்தில் உண்மையாக இருக்கச் சொல்லித் தருவதில்லை.

இது அவ்வளவு பெரிய குறையா என்று நீங்கள் கேட்கலாம். கடையநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில் உள்ள நகராட்சி. கைத்தறி நெசவு வேரூன்றிய ஊர். கடல் கடந்து பிழைக்கப் போவது இவ்வூராருக்குப் புதிதன்று. 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைக்கும் அளவுக்கு அங்கே ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பின்னர் வளைகுடா நாடுகள் வந்தன. ஆகவே வீட்டுக்காரர் ஓரிடத்திலும் வீடு மற்றோரிடத்திலும் இருப்பது இங்கே வழக்கமான நிலை. பணம் அனுப்புகிறவர் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். வேலையைப் பார்த்துக்கொள்கிறவர் அவருடைய தகப்பனாரோ மைத்துனரோ ஆக இருப்பார். படம் வரைபவர் கடைத்தெரு மாடியறையில் ஒரு கணிப்பொறியுடன் உட்கார்ந்திருக்கும் இளைஞர், கட்டுபவர் கொத்தனார். நால்வரும் ஒன்றாகக் கூடிப் பேசும் வாய்ப்பு அரிது. நால்வருக்கும் பொதுவாக இருப்பது அந்தப் படம் ஒன்றே. அதில் எழுதியுள்ள எண்ணை நம்பித்தான் அங்கே ஒருவர் சரி என்கிறார். இங்கே ஒருவர் நூல் கட்டுகிறார்.

இனி ஒரு கணக்கு. வீட்டின் வெளி அகலம் 22 அடி. பக்கம் பக்கமாக இரண்டு படுக்கையறைகள். ஒவ்வொன்றும் உள்ளளவில் 10 அடி வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இளைஞர் வரைகிறார். இரு ஓரச் சுவர்கள், நடுவில் ஒரு சுவர். ஒவ்வொன்றும் 9 அங்குலம். மூன்று சுவருக்கும் சேர்த்து 2 அடி 3 அங்குலம் போய்விடுகிறது. மீதி 19 அடி 9 அங்குலம். ஓர் அறைக்கு 9 அடி பத்தரை அங்குலம்தான் வருகிறது. அளவு காட்டும் கட்டளையைக் கொடுத்ததும் கணிப்பொறி அந்த உண்மையை அப்படியே எழுதிக் காட்டுகிறது.

இப்போது இளைஞர் என்ன செய்ய வேண்டும்? நடுச்சுவரை நாலரை அங்குலமாக்கலாமா, அதன்மேல் என்ன பாரம் வருகிறது என்று பார்க்க வேண்டும். அல்லது வீட்டுக்காரரிடம் அறை ஒன்றரை அங்குலம் குறையும் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் படித்த குறிப்புகளில் வேறொரு வழி இருக்கிறது. அளவின் மேல் இருமுறை சொடுக்கி, கணிப்பொறி எழுதிய எண்ணை அழித்து, 10 அடி என்று தட்டிவிடலாம்! கோடு மாறாது, எண் மட்டும் மாறும். பல பாடங்கள் இதை நேரம் மிச்சப்படுத்தும் உத்தி என்று பாராட்டிச் சொல்லித் தருகின்றன. நம் கருத்தில் இது உத்தி அன்று, பொய்க் கணக்கு. கொத்தனார் அடித்தளத்தில் பத்தடிக்கு நூல் கட்டிக்கொண்டே வருவார். மூன்றாவது சுவருக்கு வரும்போது மூன்று அங்குலம் இடிக்கும். சுவர்ப் பூச்சின் கனத்தை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. ஆட்டோகேட் இப்படி எண்ணை மாற்றும்போது எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. அச்சிட்ட தாளில் மெய்யெண்ணும் கையால் தட்டிய எண்ணும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவரும் ஒரு மென்பொருளில் இது பெருங்குறை என்றே சொல்வோம். பிறர் வரைந்த படம் உங்கள் கைக்கு வந்து, ஓர் அளவின் மீது ஐயம் ஏற்பட்டால், அந்த அளவின் எழுத்தை நீக்கிவிட்டு <> என்னும் இரு குறிகளை இடுங்கள். கோட்டின் உண்மை நீளம் திரும்பிவரும். இந்தச் சின்னஞ்சிறு செய்தி, பெரும்பாலும் எந்தத் தொடக்கக் குறிப்பிலும் காணக் கிடைப்பதில்லை.

இத்துறையின் தோற்றத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலைத் தம் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கினார். டிஎக்ஸ்-2 என்ற கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைவது மட்டும் அதன் புதுமை அன்று. இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும், இவை இரண்டும் சம நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தால், அதற்கேற்பப் படமே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதாவது எண்ணும் உருவமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதிருப்பதே கணிப்பொறி வரைவின் உயிர். ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளில் இந்தக் கருத்தை இன்றும் காணலாம். எண்ணைக் கையால் மாற்றி எழுதுவது என்றால் பழைய மரப்பலகையும் டி-ஸ்கொயருமே போதுமே, கணிப்பொறி எதற்கு?

நான்கு பக்கம் போதாது

அடுத்த குறை வடிவியல் சார்ந்தது. ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் செவ்வகம் வரைவதில் தொடங்குகின்றன. நம் ஊர் மனைகளோ செவ்வகமாக இருப்பது அபூர்வம். கிரயப் பத்திரத்தில் வடக்கு இத்தனை அடி, தெற்கு இத்தனை அடி என்று நான்கு பக்க அளவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இளைஞர் ஒரு செவ்வகத்தையோ, கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் ஒரு நாற்கரத்தையோ வரைந்துவிடுகிறார்.

வாசகர்களே, நான்கு பக்கங்களைக் கொண்டு ஒரு நாற்கரத்தை நிர்ணயிக்க முடியாது. மூட்டுக் கழன்ற கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு சட்டங்களும் அதே நீளம்தான். ஆனால் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 30 அடிக்கு 40 அடி மனை சரியான செவ்வகமானால் 1200 சதுர அடி. அதே பக்கங்களுடன் மூலை 90 பாகைக்குப் பதில் 80 பாகையாக இருந்தால் பரப்பு சுமார் 1182 சதுர அடியாகக் குறைந்துவிடும். பரப்புக் குறைவதைவிட மோசமானது, செவ்வகமாக வரைந்த வீட்டின் ஒரு மூலை அடுத்தவர் மனைக்குள் போய் நிற்பது.

முக்கோணம் மட்டுமே பக்கங்களால் இறுகி நிற்கும் உருவம். இதை நில அளவையார் நெடுங்காலமாக அறிவார்கள். உங்கள் நிலத்தின் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இதை இணையவழியிலும் பெறலாம். வயலுக்கு உள்ளே நேர்க்கோடுகள் இழுத்து முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். எல்லை வளைகின்ற இடங்களுக்கு அக்கோட்டிலிருந்து செங்குத்துத் தூரங்களைக் குறித்திருப்பார்கள். இதைக் கணிப்பொறியில் வரைவது மிக எளிது. முதலில் மூலைவிட்டத்தை ஒரு கோடாகப் போடுங்கள். அதன் ஒரு முனையை மையமாக வைத்து ஒரு பக்கத்தின் நீளத்தை ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம்; மறு முனையில் அடுத்த பக்கத்தின் நீளத்துக்கு மற்றொரு வட்டம். வட்டங்கள் வெட்டும் புள்ளியே மனையின் மூலை. எட்டாம் வகுப்பில் கவராயத்தால் செய்தீர்களே, அதேதான்! வெட்டுப்புள்ளியைக் கண்ணால் குறிக்காமல், புள்ளியைப் பற்றும் ஆப்ஜெக்ட் ஸ்நாப் வசதியைப் போட்டுக்கொண்டு குறியுங்கள். பத்திரத்தில் மூலைவிட்டம் இல்லையென்றால் நாடாவுடன் மனைக்குப் போய் அளந்துவர வேண்டியதுதான். இதற்குக் கட்டளை எதுவும் கிடையாது.

பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 100 லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி. அது 66 அடி. ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. ஒரு சென்ட் என்பது சரியாக 1000 சதுர லிங்க், அடியில் 435.6 சதுர அடி. புதிய படங்களில் மீட்டர் வந்துவிட்டது. கொத்தனார் பேசுவதோ அடியும் அங்குலமும். இம்மூன்றும் ஒரே மேசையில் கூடும்போதுதான் குழப்பம்.

ஆகவே முதல் பாடம் அலகாக இருக்க வேண்டும் என்பது நம் துணிபு. குறிப்புகளிலோ அது எங்கோ நடுவில் ஒரு வரியாக வந்து போகிறது. புதிய படத்தைத் திறக்கும்போது ஆட்டோகேட் அங்குல முறைக்கு ஒன்று, மில்லிமீட்டர் முறைக்கு ஒன்று என இரு வார்ப்புக் கோப்புகளை வைத்திருக்கிறது. எதைத் தேர்கிறோம் என்று தெரிந்து தேர வேண்டும். அடி அங்குலம் காட்டும் ஆர்கிடெக்சுரல் முறையில் 10 என்று மட்டும் தட்டினால் அது பத்தடி அன்று, பத்து அங்குலம்; அடிக்குறியும் சேர்த்துத் தட்ட வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்த படத்தை அங்குலம் என்று எண்ணி எடுத்துக்கொண்டால் வீடு 25.4 மடங்கு பெருத்துவிடும். இந்த அளவு பெருத்தால் உடனே தெரிந்துவிடும்; கவலையில்லை. மீட்டரையும் அடியையும் அங்கங்கே கையால் பெருக்கி, தசமங்களை உதறிவிட்டு வரைகிற படமே ஆபத்தானது. அது பார்வைக்குச் சரியாகவே தோன்றும்.

இப்படிப்பட்ட தவறு சிறிய ஊர்களில்தான் நேரும் என்று எண்ண வேண்டாம். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 பெருவிமானத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மானியப் பொறியாளர்கள் கேட்டியா என்ற வரைவு மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், பிரெஞ்சுப் பொறியாளர்கள் ஐந்தாம் பதிப்பிலும் வரைந்தார்கள். இரண்டுக்கும் இடையே செய்திகள் சரிவரப் போய்ச் சேரவில்லை. கம்பிகளை விமானத்தில் பொருத்தப் போனபோது பல இடங்களில் நீளம் எட்டவில்லை. 2006-இல் இது வெளிப்பட்டு, விமானங்களை ஒப்படைப்பது பெரிதும் தாமதமாயிற்று. பெரும் நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறவர் எப்படித் தாங்குவார்?

அவருடைய பொறுப்பும் இப்போது கூடியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமலே இணையவழி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, வரவேற்கத்தக்கதே. ஆனால் படம் சரியானது என்று சான்று கூறுபவர் இப்போது வீட்டுக்காரரே. படத்தில் பொய் இருந்தால் அது அவர் தலையில் விடியும்.

தாளுக்கு வரும்போது

திரையில் எல்லாம் சரியாக வரைந்தும் அச்சிடும் கடையில் கெட்டுப்போவது உண்டு. 1:100 என்ற அளவு விகிதத்தில் 40 அடி மனை தாளில் 122 மில்லிமீட்டர் வரும்; ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். கடைக்காரர் தாளுக்குப் பொருத்து என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் படம் சற்றே சுருங்கும். நூற்றுக்கு நான்கு சுருங்கியது என்று வையுங்கள். ஸ்கேல் வைத்து அளப்பவருக்கு 40 அடி 38 அடி 5 அங்குலமாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் 1:100 என்று எழுதியிருப்பதும் அப்போது பொய்யாகிவிடும். ஆகவே எழுத்தோடு நிற்காமல், பத்தடி நீளம் காட்டும் ஓர் அளவுகோலையும் படத்திலேயே வரைந்துவிடுங்கள். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும், உண்மை தப்பாது.

இன்னொரு விந்தை. டெஃப்பாயிண்ட்ஸ் என்ற பெயரில் ஓர் அடுக்கு ஆட்டோகேட்டில் தானாகவே தோன்றும். அதில் வரைந்த கோடு திரையில் தெரியும், அச்சில் வராது. கோடு காணோமே என்று விடிய விடியத் தேடுவோர் முதலில் அங்கே பார்க்கலாம். அடுக்குகள், வண்ணங்கள், குறுக்குவழி விசைகள் பற்றி மற்றபடி கிடைக்கும் குறிப்புகள் போதுமானவை. அவற்றில் குறை சொல்ல அதிகமில்லை.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோகேட்டை ஒருமுறை வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ளும் உரிமம் 2016 முதல் புதிதாக விற்கப்படுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சந்தா கட்ட வேண்டும். சிறு ஊரில் மாதத்துக்கு நாலைந்து படம் வரைபவருக்கு இது கனமான செலவு. இருபரிமாணப் படத்துக்கு லிப்ரேகேட் இலவசமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள அது போதும். தமிழ்ப் பாடங்கள் இதை ஏன் பேசுவதில்லை என்பது வியப்பு.

கடைசியாக ஒன்று. தமிழில் பாடம் நடத்தும் இவர்கள் எல்லாரும் படத்தின் மேல் எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில்தான். ஆட்டோகேட்டின் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. தட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். உடனே தமிழ் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எழுத்து நடையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் யூனிகோடு தமிழுள்ள ட்ரூடைப் எழுத்துரு ஒன்றை, லதாவோ நிர்மலாவோ, வைத்தால் தமிழில் எழுதலாம். சமையலறை, படிக்கட்டு, மைய அளவு, உள்ளளவு என்று நான்கு சொற்கள் போதும். உள்ளளவா மைய அளவா என்று தெரியாமல்தான் கொத்தனார் பாதி நாள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.