எண்ணப்பட்ட பிள்ளைகள்: வன்னி மாணவர் பற்றிய ஓர் உளநல ஆய்வை முன்வைத்து

மருத்துவம் சார்ந்த ஆய்வொன்றைத் திறனாயக் கலைப்பீட மாணவர் ஒருவருக்கு என்ன அருகதை உண்டு என நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. புள்ளிவிபரவியலின் நுட்பங்களில் எனக்குப் பயிற்சியில்லை. ஆயினும், பிள்ளைகளிடம் தமிழில் வினவி, அவர்கள் தமிழில் அளித்த விடைகளைக் கொண்டு எழுப்பப்பட்டதோர் ஆய்வு, மொழியையும் வாழ்க்கையையும் பயில்வோரின் நோக்குக்கும் உரியதே என்ற துணிவில் இதனை எழுதுகின்றேன்.

ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேட், எலிசபெத் ஷௌவர் முதலானோர் வன்னிப் பாடசாலை மாணவர் 420 பேரிடையே நடத்திய ஆய்வே இங்கு கருதப்படுவது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிய பின்னர் கிடைத்த இடைவெளியில் தகவல்கள் திரட்டப்பட்டன. மாணவருள் 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, எறிகணைவீச்சு, உற்றாரின் மரணத்தை நேரிற் காணல் போன்ற கொடிய அனுபவங்களுக்கு ஆளாகியிருந்தனர். 25 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டிற்குப் பின்னான மனவடு நோய் காணப்பட்டது. அனுபவங்களின் எண்ணிக்கை கூடக் கூட, நோயின் அறிகுறிகளும் கூடிச் சென்றன.

என் கவனத்தைக் கவர்ந்தது இவ்வெண்களன்று. 67 பிள்ளைகள் தனியாக உளவியலாளரால் ஆராயப்பட்டு, நினைவாற்றற் சோதனைக்கும் உட்படுத்தப்பட்டனர். மனவடுவின் தாக்கம் அச்சோதனைகளிலும், பாடசாலைப் புள்ளிகளிலும், பிறரோடு சேராது ஒதுங்கும் இயல்பிலும் தென்பட்டது. கடைசி வாங்கிலிருந்து யன்னலூடாக வெளியே பார்த்திருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று கூறிக் கைவிடுவது நம் வகுப்பறைகளின் வழக்கம். வீட்டிலோ, 'பிள்ளை வெருண்டு போச்சு' என்று சொல்லி அம்மம்மா நூல் கட்டுவிப்பார். இவ்விரு தீர்ப்புகளுள் அம்மம்மாவின் தீர்ப்பே ஆய்வின் முடிவுக்கு அண்மையது. அபாயத்தை எதிர்நோக்கி ஓயாது விழித்திருக்கும் மூளையிடம், பெருக்கல் வாய்பாட்டுக்கு எஞ்சும் கவனம் சொற்பமே. வினாக்கொத்தைப் பயன்படுத்த உள்ளூர் ஆசிரியர்களே பயிற்றப்பட்டமை இவ்விடத்திற் பெரிதும் போற்றத்தக்கது. லொஸ் ஏஞ்சல்ஸில் உருவான கருவியொன்று, 'மந்தம்' என்று சொல்லிப் பழகிய கைகளிலேயே கொடுக்கப்பட்டது.

எனினும், குறைந்த புள்ளியை உடனே மூளைப் பாதிப்பு என்று கொள்ளல் அவசரமாகும். ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட அளவீடு காரணத்தையும் விளைவையும் பிரித்துரைக்காது. 1990 அளவிற் பிறந்த வன்னிப் பிள்ளையொன்றின் பால்யத்தை எண்ணிப் பார்ப்போம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்திரளாக மக்கள் வந்து சேர்ந்தனர். 1996இற் கிளிநொச்சி பெயர்ந்தது. 1997 மேயில் வவுனியாவிலிருந்து கண்டி வீதியை நோக்கி 'ஜயசிக்குறு' தொடங்கியது. இவற்றோடு பொருளாதாரத் தடை, மலேரியாக் காய்ச்சல், அரைவயிற்று உணவு, மரநிழல் வகுப்புகள். நினைவாற்றலைக் குறைக்க இவற்றுள் எதுவும் போதும்.

இதனினும் ஆழமான தடை நோயின் பெயரிலேயே உளது. 'பின்னான' என்கிறோம். எதற்குப் பின்? ஆய்வுக்கட்டுரை அச்சேறியது 2009 ஏப்ரலில். அவ்வேளை முல்லைத்தீவுக் கரையோரத்தில் எறிகணைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. 2002இற் பன்னிரண்டு வயதினராயிருந்தோர் அப்போது பத்தொன்பது வயதினர். 420 பேருள் எத்தனை பேர் அடுத்து வந்த மே மாதத்தைக் கடந்தனர் என்பதைக் கட்டுரையின் அட்டவணைகள் சொல்லா, சொல்லவும் இயலாது. அவ்வாண்டில் நானும் ஏழு வயதுப் பிள்ளை. என்னிடம் எவரும் வினாக்கொத்துடன் வரவில்லை. இது ஆய்வாளரின் குற்றமன்று. முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியையும் அதன்பின் அமைதியையும் முற்கற்பிதமாகக் கொண்ட நோய்க்கருத்து, வன்னியில் நிலைகொள்ள இடமின்றி நின்றது என்பதே என் கருத்து. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தோரைப் பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனியாளின் நோயென்று நில்லாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து குலைந்த நிலையைக் கூட்டு மனவடு என நோக்கியமை இவ்வகையிற் பொருத்தமானது.

குடும்பம் என்றதும் மற்றோர் ஆய்வு நினைவுக்கு வருகின்றது. ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கில் 296 தமிழ் மாணவரிடையே இதே குழுவினர் நடத்திய ஆய்வில், போர் அனுபவமுடையோர் 82.4 சதவீதம், வீட்டிற்குள் ஒருமுறையேனும் வன்முறைக்கு ஆளானோரோ 95.6 சதவீதம். தந்தையின் குடிப்பழக்கமும் முன்னைய போர் அனுபவமும் அவ்வன்முறையோடு தொடர்புற்றிருந்தன. எறிகணையைப் பற்றிப் பேசும் நாம் இதனைப் பேசக் கூசுகின்றோம்.

சிகிச்சை பற்றியும் ஒரு சொல். பிள்ளை நிலத்திற் கயிறொன்றை விரித்து, நல்ல நிகழ்ச்சிக்குப் பூவும் கொடியதற்குக் கல்லும் வைத்து, தன் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லும். ஆற்றுப்படுத்துநர் அதனை எழுதி, முடிவிற் பிள்ளையிடமே கொடுப்பார். (ஆற்றுப்படை பயின்ற நமக்கு அப்பதவிப்பெயர் இனிக்கவே செய்யும்.) வடகிழக்கில் 31 பிள்ளைகளிடையே இம்முறை, தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொண்ட முறையோடு ஒப்பிடப்பட்டது. ஆறு மாதங்களின் பின் குணமடைந்தோர் முறையே 81, 71 சதவீதம். ஆயின் இரண்டிற்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை ஆய்வாளர் மறையாது எழுதினர். அந்நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் ஒரு வேறுபாடு அவர்தம் அளவுகோலுக்குள் அகப்படவில்லை: கதை சொன்ன பிள்ளையிடம் அதன் சொந்தச் சொற்களில் எழுதப்பட்ட தாள்கள் எஞ்சின. 2002இன் 420 பேரும் குறித்த கட்டங்களுக்குள் விடையளித்தவர்கள். அவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று முப்பதுகளில் உள்ளனர். அவர்களிற் பலரின் பிள்ளைகள் பாடசாலை செல்லும் வயதினர்.