நம்மவர் என்று எண்ணிவிட்டால் கேட்டதாகுமா?

முஸ்லிம்களும் இசையும் என்ற தலைப்பில் நம் சஞ்சிகைகளிலும் மாநாட்டு மலர்களிலும் வரும் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. ஷெய்க் சின்ன மௌலானா சாஹிப், உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான், நாகூர் தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர், நாகூர் ஈ.எம். ஹனிபா என்று பெயர்கள் வரும். சின்ன மௌலானாவுக்கு 1998இல் சங்கீத கலாநிதி, பிஸ்மில்லாஹ் கானுக்கு 2001இல் பாரத ரத்னா என்று பட்டங்கள் வரும். இவர்களும் நம்மவர்களே என்று கட்டுரை முடியும். எழுதியவர் அந்த நாதஸ்வரத்தை ஒரு தரமாவது உட்கார்ந்து கேட்டாரா என்பது மட்டும் தெரியவராது. பெயரை எண்ணுவது ஒரு வேலை, இசையைக் கேட்பது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம் என்பதே என் முறைப்பாடு.

பதுளையில் நாங்கள் ஆறேழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு கூடிப் பழைய பதிவுகளைக் கேட்பதுண்டு. ஹாலிஎலயிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். பண்டாரவளையிலிருந்து, ஹிந்துஸ்தானி இசையில் ஊறிய ஒரு மலாய்க்காரர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, கோயில் திருவிழாக்களுக்கு நாதஸ்வரம் வாசிக்கும் ஒருவர். பிறகு ஓர் இளம் மௌலவி. வாத்தியம் அவருக்கு உடன்பாடில்லை, ஆகவே அந்தப் பகுதி முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். எங்களுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரே ராகத்துக்கோ ஒரே பாட்டுக்கோ இரண்டு பதிவாவது இருக்க வேண்டும். "நல்லா இருக்கு", "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு எழும்பக் கூடாது. எது வேறு, எங்கே வேறு என்று சொல்லத்தான் வேண்டும்.

தோடி ராகத்தை எடுத்துக்கொண்ட ஒரு நாளைச் சொல்கிறேன். முதலில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர் என்று பேரெடுத்த மனிதர், அந்தக் கடலை ஒரு செம்புக்குள் ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்து சின்ன மௌலானா, அரை மணிக்கு மேல் ஓடும் கச்சேரிக் கசெட். ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர் அவர். இவ்வளவும் எனக்கு வாசித்துத் தெரியும். தோட்டத்து நாதஸ்வரக்காரர் சொன்னது எதிலும் வாசிக்காதது.

"நானா, பெரியவரு தட்டுல ஒரு பிடிகூட வீணாப் போகல. நேரம் இல்லேன்னு அவருக்குத் தெரியும். இவரு பாருங்க, ஒரே எடத்துல நின்னு நின்னு வாராரு. மூச்சு எடுக்குற எடமே நமக்குக் கேக்க மாட்டேங்குது. எங்கப்பா இத ரெண்டு வருஷம் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு."

நாங்கள் சின்ன மௌலானாவின் பெயரைக் கேட்டோம். அவர் மூச்சைக் கேட்டார். மலையகத்தில் லயம் என்றால் தோட்டத்து லைன் வீடு. அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் மற்ற லயத்தையும் நாங்கள் படித்துக்கொண்டோம்.

ஆசிரியர் விடவில்லை. மூன்று நிமிடத் தட்டையும் அரை மணிக் கசெட்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பது நியாயமா என்றார். சரியான கேள்வி. ஒரு கலைஞர் அவசரப்பட்டாரா, நிதானித்தாரா என்று தீர்ப்புச் சொல்லுமுன், இயந்திரம் அவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஆகவே தட்டுக்குத் தட்டு வைப்போம் என்று பண்டாரவளை நண்பர் உஸ்தாத் அப்துல் கரீம் கானின் (1872–1937) பைரவியை எடுத்தார். அதுவும் மூன்று சொச்ச நிமிடம்தான்.

ஹிந்துஸ்தானி பைரவிக்கும் நம் தோடிக்கும் அடிப்படைச் சுரங்கள் ஏழும் ஒன்றே. பெயர்தான் வேறு என்று நினைப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும், அசையாவிட்டால் தோடி இல்லை. அப்துல் கரீம் கானின் மெல்லிய குரலில் அதே காந்தாரம் விளக்குச் சுடர்போல நிற்கிறது. சுரத்தை அப்படி நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவது அவருடைய கிரானா பாணியின் குணம். ஏழு சுரமும் ஒன்றாயிருந்தும் இரண்டு உலகம் எப்படிப் பிறக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் இந்த ஆறு நிமிடத்தைப்போல எனக்குச் சொன்னதில்லை.

நம் பட்டியல்களில் அப்துல் கரீம் கானின் பெயர் அநேகமாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாட்டுச் சங்கீதத்தைத் தேடிக் கேட்ட வடநாட்டு உஸ்தாத் அவர். தியாகராஜரின் கரகரப்பிரியாக் கீர்த்தனை ஒன்றைத் தம் குரலில் தட்டில் பதிந்து வைத்தவர். 1937இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் மௌத்தானார். தமிழ் மண்ணோடு இவ்வளவு உறவுள்ளவர் பட்டியலில் விடுபட்டதற்குக் காரணம் எளிது. பட்டியல் பட்டங்களைப் பார்த்துத் தயாராகிறது, கேட்டுத் தயாராவதில்லை. அவர் செய்ததோ ஒப்பிட்டுக் கேட்கும் வேலை. தமக்குப் பழகாத இசையைக் கேட்டு, தம் இசையோடு வைத்துப் பார்த்து, பிறகு வாய் திறந்தார்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். அன்று மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வந்த மௌலவி தம் கைத்தொலைபேசியில் இரண்டு பதிவுகளைப் போட்டார். இரண்டும் சுப்ஹான மௌலிதின் ஒரே பைத். ஒன்று குருத்தலாவயில் ஒரு வீட்டில் எடுத்தது, மற்றது பதுளை நகரில் எடுத்தது. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் குருத்தலாவக்காரர்கள் அடியின் கடைசியை இழுத்து, அடங்கவிட்டு, அதன் பிறகே ஜவாபு எடுக்கிறார்கள். பதுளையில் முன்னோதுபவர் முடிக்குமுன்னே கூட்டம் மேலே விழுந்து எடுக்கிறது. ஒன்றில் உருக்கம், மற்றதில் வேகம். ஆசிரியர் காதைக் கொடுத்துவிட்டு, "முதலாவதில் சிந்து பைரவிச் சாயல் இருக்கு" என்றார். மௌலவி சிரித்தார். "ராகம் எனக்குத் தெரியாது சேர். எங்கட வாப்பா இப்படித்தான் ஓதுவார்."

அந்த வாப்பா யாரிடம் கற்றார்? எந்த ஊரிலிருந்து அந்த மெட்டு மலை ஏறி வந்தது? காயல்பட்டினத்திலிருந்தா, கீழக்கரையிலிருந்தா, அல்லது இங்கேயே பிறந்ததா? பதில் சொல்ல ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கப்படவில்லை. மௌலித் கிதாபுகள் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்களுக்குப் பதிப்புகள் பல. முனாஜாத்துகளை, கிஸ்ஸாக்களை, படைப்போர்களைத் தேடியெடுத்துப் பதிப்பித்தார்கள், பட்டம் பெற்றார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இவையெல்லாம் வாயால் ஓதிக் காதால் வாங்கியவை. எழுத்தைக் காப்பாற்றிவிட்டு ஓசையைக் கைவிட்டோம். ஒரு பெரியவர் மௌத்தாகும்போது ஒரு மெட்டும் சேர்ந்து போகிறது, ஜனாஸாவில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் உலமாக்களுக்குரியது, நான் அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். வாத்தியமே இல்லாத பைத்துக்கு அந்தத் தடை இல்லையே. அதன் மெட்டை ஏன் பதியவில்லை? இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஸமாவுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கி, கேட்பதற்கு நேரமும் இடமும் உடனிருப்போரும் முக்கியம் என்ற முன்னோர் கருத்தை எடுத்துப் பேசுகிறார். உடனிருந்து கேட்பவர் யார் என்பது அந்தக் காலத்திலேயே ஒரு கேள்வி.

10ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானி தொகுத்த கிதாபுல் அகானியை எடுத்துப் பாருங்கள். கலீபா ஹாரூன் அர்-ரஷீத் இப்ராஹீம் அல்-மவ்ஸிலி முதலிய பாடகர்களிடம் நூறு சிறந்த பாடல்களைத் தெரிந்தெடுக்கச் சொன்னார், அதிலிருந்தும் மூன்றைப் பொறுக்கச் சொன்னார் என்று அந்நூல் தொடங்குகிறது. பாடலின் சொல்லோடு அது நின்றுவிடுவதில்லை. மெட்டமைத்தவர் யார், எந்தத் தாளம், ஊத் வாத்தியத்தில் எந்த விரல் என்றெல்லாம் குறித்துச் செல்கிறது. ஒலிப்பதிவு என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலம் அது. கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

பதுளையின் ஈரக் காற்றில் கசெட் நாடாவுக்குப் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் செல்லாது. ரமழானில் வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியிலிருந்து பிடித்து வைத்தவை, கந்தூரி இரவில் எடுத்தவை, கலியாண வீட்டில் எடுத்தவை எல்லாம் அலுமாரிக்கு மேலே பெட்டியில் கிடக்கின்றன. கேட்கும் கருவி பழுதாகிவிட்டதென்று வீசுகிறோம். வீசுமுன் ஒரு பிரதி எடுங்கள். யார் ஓதியது, எந்த ஊர், எந்த வருடம், யாரிடம் படித்தது, அதே பைத் பக்கத்து ஊரில் எப்படி என்று ஐந்து வரி எழுதி வையுங்கள். ஐந்தாவது வரிதான் முக்கியம். மற்ற நான்கும் தகவல், அதில்தான் விமர்சனம் தொடங்குகிறது.

இசைக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்று இனி ஒரு கட்டுரை வந்தால், பதிப்பாசிரியர்கள் எழுதியவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எந்தப் பதிவைக் கேட்டீர்கள், எதனோடு வைத்துக் கேட்டீர்கள்?" பதில் இருந்தால் அச்சிடுங்கள்.