பேய்க்குள் இருந்த உடல்: திகில், விஞ்ஞானப் பட நேர்காணல்களை முன்வைத்து

1

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் இருட்டில் ஓடினார்கள். பதினேழு நாள் கழித்து, 2024 ஜனவரி 12 அன்று, ‘அயலான்’ பொங்கல் படமாக வெளியானது. பூமியை ஆழத் துளைத்து வாயு எடுக்கப் பார்க்கும் முதலாளி ஒருவனைத் தடுப்பதற்காக வேற்றுக்கிரக ஜீவன் ஒன்று சென்னைக்கு வந்து சேர்கிற கதை. இயக்கியவர் ஆர். ரவிக்குமார், 2015இல் ‘இன்று நேற்று நாளை’ எடுத்தவர், தமிழில் விஞ்ஞானப் புனைவை அக்கறையோடு அணுகுகிற சிலரில் ஒருவர்.

இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தது வெறும் தற்செயல். படம் பல வருடம் முன்பே தொடங்கி இழுத்துக்கொண்டு போன ஒன்று. படத்தின் தரம் பற்றிய பேச்சையும் இங்கே எடுக்கப்போவதில்லை. என் கவனம் அதையொட்டி வந்த நேர்காணல்களின் மேல். காட்டுப்பள்ளியில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 4,500க்கு மேல் கிராபிக்ஸ் ஷாட்டுகள், எத்தனை வருட உழைப்பு, நாயகன் விட்டுக்கொடுத்த சம்பளம், ஹாலிவுட்டுக்கு நிகரான தரம் - இதெல்லாம் வந்தது. நச்சு வாயுக் கதை ஒன்றை எடுத்தவர்களிடம், அதே நகரத்தின் வடகோடியில் இப்பத்தான் ஜனங்கள் நச்சு வாயுவுக்குப் பயந்து ஓடினாங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு நான் பார்த்த எதிலும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதை மறதி என்று தள்ளிவிட முடியாது. நேர்காணலும் ஒரு பிரதி. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, யார் சொல்லலாம் என்பதற்கு அதற்குள் விதிகள் இருக்கின்றன. திகில், அனிமேஷன், விஞ்ஞானப் படங்களைப் பொறுத்தவரை அந்த விதிகள் இரண்டு கேள்விகளை உள்ளே விடுவதேயில்லை. ஒன்று, இது யாருடைய உடல்? இன்னொன்று, இது யாருடைய பயம்?

2

முதல் கேள்விக்கு ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) நல்ல உதாரணம். ‘சந்திரமுகி’க்கு (2005) மூலம் அதுதான். ஒரு மலையாள வீட்டுக்குள் அடைபட்ட நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியக்காரி. கோபத்தில் தமிழ்தான் பேசுவாள். நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது. குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி என்றே ஊர் நம்பிக்கொண்டிருந்தது. கங்காவின் குரல் அவருடையதுதான். நாகவல்லியின் குரல் துர்கா என்கிற தமிழ் டப்பிங் கலைஞருடையது என்று ஃபாசிலே எழுதி வெளிப்படுத்தியது 2016இல். இடையில் இருபத்து மூன்று வருடம்! படத்தைப் பற்றி அத்தனை வருடம் எத்தனை பேட்டிகள் வந்திருக்கும்? ஒருவரிடமாவது ‘அந்தக் குரல் யாரு?’ என்ற கேள்வி எழுந்திருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும். அடைத்துவைக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணின் கதைக்குக் குரல் தந்த தமிழ்ப் பெண்ணே பெயரில்லாமல் அடைபட்டுக் கிடந்தார்.

அயலானுக்கு வருவோம். அந்த ஜீவனுக்குக் குரல் சித்தார்த். அது எல்லோருக்கும் தெரியும், போஸ்டரிலேயே வந்துவிட்டது. படப்பிடிப்பில் அதற்கு உடலாக நின்றவர் வெங்கட் செங்குட்டுவன். அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? குரலுக்கு நட்சத்திரப் பெயர், உடலுக்குச் சின்ன எழுத்து.

அனிமேஷனில் நிலைமை இன்னும் அப்பட்டம். அசைவுப் பதிவு முறையிலேயே முழுக்க உருவான முதல் முழுநீள கணினி அனிமேஷன் படமாகச் சொல்லப்படும் ‘சிந்துபாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்’ (2000) நம்ம சென்னையில், பென்டாமீடியா கிராபிக்ஸ் நிறுவனத்தில் தயாரானது. அதில் பேசியவர்கள் பிரெண்டன் ஃப்ரேசர், லெனார்டு நிமோய், மார்க் ஹாமில். இந்தப் பெயர்களைத் தேடினால் நொடியில் கிடைக்கும். சென்னையில் உட்கார்ந்து அந்த உருவங்களை அசைத்த கைகளைத் தேடிப் பாருங்கள். நிறுவனத்தின் பங்குவிலை ஏறியதும் 2001 பங்குச் சந்தைச் சரிவில் அது விழுந்ததும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. வேலை செய்தவர்களின் பேச்சு இல்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய சாபக்கேடு கிடையாது. 2013 ஆஸ்கர் மேடையில் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலிக்காக விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர், அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவாலாகி நிற்பதைச் சொல்ல வாயெடுத்தார். ‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையை ஓடவிட்டு மைக்கை நிறுத்தினார்கள். திகில் படத்தின் இசையைக் கொண்டே தொழிலாளியின் பேச்சை விரட்டியடித்த இந்தக் காட்சியை எந்தக் கோட்பாட்டாளரும் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியாது. வெளியே தெருவில் கிராபிக்ஸ் தொழிலாளர்கள் பதாகையோடு நின்றிருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு ஹைதராபாத்திலும் மும்பையிலும் பட்டறைகள் இருந்தன என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு வரலாறும் உண்டு. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்தின் தொடக்க எழுத்தில் அரக்கனாக நடித்தவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி மட்டுமே இருக்கும். உள்ளே இருந்தவர் போரிஸ் கார்லாஃப். இவருடைய அப்பா இந்தியாவில் ஆங்கில அரசின் உப்பு வரித்துறையில் வேலை பார்த்தவர் என்பது அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கொசுறாகக் கிடைத்த தகவல். மணிக்கணக்கில் ஒப்பனை, கனத்த பூட்ஸ், இடைவெளியில்லாத படப்பிடிப்பு. இதை அனுபவித்தவர் சும்மா இருக்கவில்லை. 1933இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராக நின்றார். அரக்கன் வாய் திறந்தபோது வேலை நேரம் பற்றித்தான் பேசினான்.

3

இரண்டாவது கேள்வி: யாருடைய பயம்?

இதற்கு ஜப்பானிய ‘கோட்சில்லா’வை (1954) எடுத்துக்கொள்ளலாம். அந்த வருடம் மார்ச் 1இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், கடலில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘லக்கி டிராகன்’ படகின் மேல் கொட்டியது. மீனவர்கள் நோயில் விழுந்தார்கள்; ஒருவர் சில மாதங்களில் இறந்தார். அதே வருட நவம்பரில் வந்த படம், கடலில் ஒரு படகு தீப்பற்றி அழிவதோடுதான் தொடங்குகிறது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா தன் நேர்காணல்களில், போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் கண்ட ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசினார். அரக்கனின் உடைக்குள் இருந்த ஹருவோ நகஜிமா 2017இல் இறந்தார். தலைக்கு மேல் விளக்குச் சூடு, உள்ளே வழிந்த வியர்வை, முதலில் செய்த உடையின் 100 கிலோ கனம் என்று கடைசிவரை அவர் பேசிக்கொண்டிருந்தார். பயத்தின் ஊற்றையும் உடலின் பாட்டையும் இப்படிச் சேர்த்தே அறிந்திருப்பதால், அந்தப் படத்தை வெறும் பூச்சாண்டிப் படமாக யாராலும் ஒதுக்க முடியவில்லை.

மீனவரின் பயம் அரக்கனாக உருவெடுத்ததை அங்கே பேசினார்கள். இங்கே?

காட்டுப்பள்ளியின் நிலவரைபடத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கே கடல், மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். நடுவில் ஒரு மணல் துண்டு. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2013இல் துறைமுகம். பக்கத்திலேயே அனல்மின் நிலையம், ஆற்றுக்குள் அதன் சாம்பல். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய்; 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய்; அதே மாதம் அம்மோனியா. இந்தத் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக, கடலையும் தூர்த்து விரிக்கிற திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. விஞ்ஞானப் புனைவு என்றால் எதிர்காலத்தைப் பற்றிய கதை என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் திட்ட அறிக்கையாகவே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பயத்தைத் தமிழ் சினிமா தொடவேயில்லை என்று சொல்ல மாட்டேன். சங்கரின் ‘2.0’ (2018) பறவைகளுக்காகச் செத்துப்போன ஒரு பறவையியலாளரைப் பேயாக எழுப்பியது. ஆனால் அது குற்றத்தை எங்கே வைத்தது என்று பாருங்கள். செல்போன் கோபுரத்தில். செல்போன் நம் எல்லார் கையிலும் இருப்பதால் குற்றம் எல்லார் மேலும் பரவி, கடைசியில் யார் மேலும் நிற்காமல் போகிறது. அப்படியிருந்தும் செல்போன் நிறுவனங்களின் சங்கம் படம் வருமுன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் கொண்டுபோனது. ஆக, முதலாளிகள் படத்தை ஒழுங்காக ‘வாசித்தார்கள்’. பேட்டி எடுத்தவர்களோ அது எத்தனை கோடி, முப்பரிமாணத்தில் எப்படி எடுத்தீங்க என்பதைத் தாண்டவில்லை. பழவேற்காட்டுக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றி இயக்குநரிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட அந்தப் படம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. வாசல் வழியே யாரும் போகவில்லை.

4

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘பேட்டின்னாலே விளம்பரம்தானே, அதில் போய் அரசியலைத் தேடலாமா? பேய்ப்படத்துக்குப் போறவன் பயத்தை மறக்கத்தானே போறான், நீ எதுக்கு அவன் பயத்தையே ஞாபகப்படுத்துறே?’

பாதி நியாயம் இதில் இருக்கிறது. எல்லாப் பேயையும் அனல்மின் நிலையத்தின் குறியீடாக மொழிபெயர்ப்பது சிறுபத்திரிகை விமர்சனத்தின் பழைய வியாதி. சும்மா அலறிவிட்டுச் சிரித்தபடி வெளியே வருகிற சந்தோஷத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நல்ல நேர்காணல் படத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. வேலையைச் சொன்னால் போதும், பொருள் தானே வந்துவிடும்.

ராம்சே சகோதரர்கள் இதற்குச் சாட்சி. 1970இல் வந்து தோற்றுப்போன தங்கள் படம் ஒன்றில், பிருத்விராஜ் கபூர் முகமூடி மாட்டிக்கொண்டு திருடப் போகும் ஒரேயொரு காட்சிக்காக ஜனங்கள் திரும்ப வந்ததைக் கவனித்துத்தான் பேய்ப்படத்துக்கு வந்தோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தம்பி காமிரா, ஒரு தம்பி ஒலி, ஒருவர் கதை, இருவர் இயக்கம்; எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்ப் படம் முடித்துத் திரும்புவது. குடும்பமே தொழிலாளியாக இருந்ததால் அவர்களிடம் பேட்டி எடுத்தால் வேலைதான் வெளியே வந்தது. அதேபோல இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) பற்றிய பேச்சில், பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டுக்காக, காமிராவோடு சேர்ந்து சுழலும் அறை ஒன்றைக் கலை இயக்குநர் கே. சேகர் கட்டிய கதை இன்றும் சலிக்காமல் சொல்லப்படுகிறது. மாயத்தின் பின்னால் எஃகும் ஆசாரியும் இருந்ததைச் சொன்னதால் மாயம் குறைந்துவிடவில்லை.

விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ (1978) நம் ஜனங்களுக்கு மனப்பாடம். மருமகளாக வீட்டுக்குள் வந்த பேய், விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும். எங்கள் தெருப் பெண்கள் டி.வி.யில் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். பயந்த சிரிப்பு இல்லை, புரிந்த சிரிப்பு. வீட்டுக்காக உடம்பையே எரிக்கிறவள் யார் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது அந்தக் காட்சியைக் கணினியில் செய்தால் ரோட்டோ என்கிற வேலைக்கு ஒருவர் வேண்டும். காலின் ஓரத்தைச் சட்டகம் சட்டகமாக வெட்டித் தர வேண்டும். ஒரு வினாடிக்கு 24 சட்டகம். இரவெல்லாம் கண்ணை அடுப்பில் வைப்பவர் அவர்தான். 4,500 ஷாட் என்று மேடையில் எண்ணிக்கை சொல்லும்போது அதற்குள் இருப்பது இந்தக் கண்கள்.

5

ஆகவே ஒரு வேலைத்திட்டம்.

நட்சத்திரமும் இயக்குநரும் பேசட்டும். அவர்களுக்கு மேடை இருக்கிறது. நம்மைப் போன்ற பத்திரிகைகள் போக வேண்டிய இடங்கள் வேறு. கிராபிக்ஸ் கூடங்களில் ரோட்டோவும் கயிறழிப்பும் செய்கிறவர்களிடம் போகலாம். பேய்க்கு அலறல் கொடுத்த டப்பிங் கலைஞர்களிடம், அரக்க உடைக்குள் நின்றவர்களிடம், விட்டலாச்சார்யா காலத்துத் தந்திரக் காட்சிக்காரர்களின் வாரிசுகளிடம் போகலாம். கேட்க வேண்டியவையும் பெரிய தத்துவக் கேள்விகள் அல்ல. எத்தனை மணி நேரம்? எவ்வளவு சம்பளம், கைக்கு வந்ததா? எழுத்தில் பெயர் போட்டார்களா? இந்த உருவத்தைச் செய்யும்போது உனக்கு ஞாபகம் வந்த பயம் எது?

கடைசிக் கேள்வியை இயக்குநர்களிடமும் கேட்க வேண்டும். புகைக்கூண்டையும் சாம்பல் மேட்டையும் வில்லன் கூடாரமாகக் காட்ட வடக்கே வருகிறவர்கள், அங்கே குடியிருப்பவன் எதற்குப் பயப்படுகிறான் என்று விசாரித்தார்களா? விசாரித்திருந்தால் கதை மாறியிருக்குமா? இதற்குப் பதில் சொல்லத் திணறுகிற இயக்குநரின் பேட்டி, தரம் பற்றிப் பேசும் நூறு பேட்டிகளைவிட நமக்கு உபயோகம்.

துர்காவின் பெயர் வர இருபத்து மூன்று வருடம் ஆயிற்று. அதையும் படத்தின் இயக்குநர்தான் சொல்ல வேண்டியிருந்தது. விமர்சகர்கள் யாரும் போய்க் கேட்டுக் கொண்டுவந்ததில்லை. அயலானின் உடலுக்கு இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை. தொடங்குவதென்றால் அங்கிருந்தே தொடங்கலாம்.