ஒரு பாட்டின் நதிமூலம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கலை விஷயத்தில் இந்த எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை. கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். "இந்தக் கதை எப்படித் தோன்றிற்று?" என்று வாசகர் கேட்கிறார். உள்ளதைச் சொன்னால் அவருக்குத் திருப்தி உண்டாவதில்லை. நதி பெரிது என்றால் ஊற்றும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஊற்று சிறியதாக இருந்துவிட்டால், அவரே பெரிதாக ஒன்றைக் கற்பித்துக் கொண்டுவிடுகிறார்.

அப்படிக் கற்பித்த மூலம் ஒன்றைச் சுமந்துகொண்டு அரை நூற்றாண்டாக உலவி வருகிற பாட்டு 'ஃப்ரீ பேர்ட்'. கட்டில்லாத பறவை என்று பொருள் கொள்ளலாம். அதைப் பாடியவர்கள் லினர்ட் ஸ்கினர்ட் என்ற கோஷ்டியார். அமெரிக்காவின் தென்கோடியில், புளோரிடா மாகாணத்தின் ஜாக்ஸன்வில் நகரத்துப் பையன்கள். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையையும் கிராமத்து வெள்ளையரின் பாட்டையும் மின்சார கிதாரில் ஏற்றி உரக்க வாசிக்கிற தென்னாட்டு ராக் சங்கீதம் அவர்களுடையது.

ரஸிகர்கள் சொல்லும் கதை இது: அதே தென்னாட்டைச் சேர்ந்த டுவேன் ஆல்மன் என்ற மகா கிதார் வித்வான் 1971 அக்டோபரில், தம்முடைய 24ஆவது வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார், அவருக்குப் பாடிய இரங்கற்பா இது. மேடையில் இந்தப் பாட்டை அவருக்கு அர்ப்பணம் செய்து பாடியது உண்மைதான். ஆனால் ஆல்மன் உயிரோடிருந்தபோதே பாட்டு பிறந்துவிட்டது. அர்ப்பணம் பின்னால் வந்தது.

உண்மையான மூலம் மிகவும் எளிமையானது. கோஷ்டியின் கிதார்க்காரர்களில் ஒருவர் ஆலன் காலின்ஸ். அவர் ஒரு மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநாள் காத்திருந்தார். பாடகர் ரானி வான் ஸாண்ட் அதற்கு வார்த்தை எழுத மறுத்துக்கொண்டே வந்தார். கிதாரில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கோவைகள் ஓயாமல் மாறுகின்றன, இதன்மேல் பாட்டை எப்படி உட்கார வைப்பது என்பது அவர் கட்சி. ஒருநாள் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சில நிமிஷங்களில் வார்த்தைகள் வந்துவிட்டன. தொடக்க அடியைத் தந்தவர், பின்னால் காலின்ஸின் மனைவியான பெண். பிரிவு நேர்ந்தால் தன் நினைவு இருக்குமா என்ற பொருளில் அவர் என்றோ கேட்ட கேள்விதான் அது.

பாட்டின் பின்பாதியான நீண்ட கிதார் வாசிப்பு வந்த காரணம் இன்னும் சாதாரணமானது. கிளப்புகளில் ஒரே இரவில் பலமுறை மேடையேற வேண்டியிருந்தது. வான் ஸாண்டின் தொண்டைக்கு ஓய்வு தேவைப்பட்டது. "கொஞ்ச நேரம் நீங்கள் வாசியுங்கள்" என்ற ஏற்பாடு நாளடைவில் பாட்டின் அங்கமாகிவிட்டது. கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முகப்பில் வரும் பியானோவும் இப்படித் தற்செயலாகச் சேர்ந்ததே. பில்லி பவல் அவர்களிடம் சாமான் சுமந்துகொண்டிருந்தவர். ஒரு பள்ளிக்கூட நடன விருந்தில் அவர் தனியே உட்கார்ந்து இந்தப் பாட்டுக்கு வாசித்ததைக் கேட்ட வான் ஸாண்ட், அவரைக் கோஷ்டியிலேயே சேர்த்துக்கொண்டார்.

ஒரு பெண்ணின் கேள்வி, களைத்துப்போன தொண்டை, சாமான் தூக்கியவரின் விரல்கள். மூலம் இவ்வளவுதான். இதனால் பாட்டின் மதிப்புக் குறைகிறதா? கூடுகிறது என்பது என் அபிப்பிராயம். இரங்கற்பா என்று நினைத்துக் கேட்பவர் காதில் விழாத ஒன்று, இந்த மூலம் தெரிந்தவர் காதில் விழுகிறது.

கேள்வியைக் கேட்டவர் பெண். பாட்டிலோ அதைக் கேட்கிறவன் ஆண்; அவன்தான் விட்டுப் போகிறவனும். மறக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம், அப்படி மறந்துவிடக் கூடியவனின் வாய்க்கு மாறிவிட்டது. தங்க முடியாது, தன் சுபாவம் அப்படி, மாற்ற முடியாது என்கிறான் அவன். வார்த்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் இது வெறும் சாக்கு. சுயஇரக்கம் தோய்ந்த சாக்கு என்றுகூடச் சொல்வேன். ஆனால் சங்கீதம் அந்தச் சாக்கை ஒப்புக்கொள்ளவில்லை. மெதுவாக நகர்கிற முன்பாதியில் கேரி ராஸிங்டனின் இழைந்து வழுகும் கிதார், அவன் சொல்லாமல் விட்ட வருத்தத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது. பிறகு வேகம் எடுக்கிறது. பறவை பறக்கிறது. எங்கே போகிறது? மூன்றே ஸ்வரக் கோவைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் வட்டம் ஒன்றுதான். இசைத்தட்டில் இங்கே கேட்கும் இரண்டு கிதார்களும் காலின்ஸ் ஒருவரே இருமுறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தவை. ஒரு மனிதன் தன்னையே துரத்திக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கிறது. விடுதலையைப் புகழும் பாட்டு என்று இதைச் சொல்கிறவர்கள் பின்பாதியைக் கவனித்துக் கேட்கவில்லை.

1973இல் அல் கூப்பர் தயாரித்த முதல் ஆல்பத்தில் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் நீண்டு வெளிவந்தது பாட்டு. 1974இல் சுருக்கித் தனியாக வெளியிட்டார்கள். 1975 ஜனவரியில் பில்போர்ட் பட்டியலில் 19ஆம் இடம் வரை போயிற்று. 1977 அக்டோபர் 20ஆம் தேதி மிஸிஸிப்பியில் கோஷ்டியின் விமானம் விழுந்தது. வான் ஸாண்ட் உள்பட ஆறு பேர் மாண்டார்கள். அதன் பிறகு யார் என்ன சொன்னாலும் இது இரங்கற்பாதான் என்று ஆகிவிட்டது. மிஞ்சியவர்கள் 1987இல் மறுபடி கூடியபோது இந்தப் பாட்டை மேடையில் யாரும் பாடவில்லை. வாத்தியங்கள் மட்டும் ஒலித்தன; வார்த்தைகளைச் சபையே பாடிற்று. மனம் கலங்கச் செய்யும் காட்சி. காலின்ஸ் 1990இலும் ராஸிங்டன் 2023இலும் மறைந்தார்கள்.

சபையின் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. முதலில் ஆல்மன், பின்பு வான் ஸாண்ட் என்று இரண்டு சாவுகள் பாட்டின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. செத்தவன் போவதற்கும், இருப்பவன் விட்டுப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னவனை மன்னிக்க எதுவும் இல்லை. பின்னவனை மன்னிப்பதா என்று ஒருத்தி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சாவின் பாட்டாகக் கேட்கும்போது அவள் மறைந்துபோகிறாள். அவனுக்கும் புனிதம் வந்துவிடுகிறது.

1976இல் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவான வடிவத்தையே ரஸிகர்கள் கொண்டாடுகிறார்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்று பாடகர் கேட்க, சபை அதன் பெயரைச் சொல்லிக் கூவுகிறது. அதில் உற்சாகம் அதிகம். எனக்கு 1973ஆம் வருஷத்து இசைத்தட்டுதான் மேல். கூச்சல் இல்லாத அந்தப் பதிவில், கேட்கப்பட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது தெளிவாகக் கேட்கிறது.