இரண்டாவது மைக்

ஸ்டாண்ட்-அப் காமெடி என்பது சென்னை, பெங்களூரு காபி ஷாப்புகளில் பிறந்த சமாசாரம் என்று நினைப்பவர்கள், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கோயில் திருவிழாவில் ஒரு ஸ்பெஷல் நாடகம் பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் தனியாக வந்து நிற்பார். ஓரமாக ஆர்மோனியக்காரர். எதிரே ஊர் ஜனம். மாமியார், மருமகள், கவுன்சிலர், கரன்ட் கட் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். பச்சையாகவும் பேசுவார். அப்புறம் டான்ஸ் ஆடும் பெண் வருவார். வழிமறிப்பது, சீண்டுவது, இரட்டை அர்த்தம் எல்லாம் உண்டு. ஆனால், அந்தப் பெண்ணுக்கும் ஒரு மைக் உண்டு. வாயைக் கொடுத்துவிட்டு பபூன் வாங்கிக் கட்டிக்கொள்வதில்தான் பாதி சிரிப்பே!

இந்த இரண்டாவது மைக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 மார்ச். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை விவகாரத்தில் தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருந்த மாதம். சென்னையில் 'கொலையுதிர் காலம்' பட விழா. மைக் பிடித்த நடிகர் ராதாரவி, சின்னப் படத்துக்கும் பெரிய படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கம் கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு நடந்தால் சின்னப் படம், பொள்ளாச்சி மாதிரி நடந்தால் பெரிய படம் என்கிற தினுசில் போனது அந்த விளக்கம். அதே பேச்சில் நயன்தாராவையும் விட்டுவைக்கவில்லை. தி.மு.க. அவரைத் தற்காலிகமாக நீக்கியது. நயன்தாரா அறிக்கை விட்டார். சண்டை முழுக்க அவரைச் சுற்றியே நடந்தது. பொள்ளாச்சி ஜோக் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

2023 நவம்பரில் த்ரிஷாவைப் பற்றி மன்சூர் அலிகான் ஆபாசமாகப் பேசினார். எதிர்ப்பு வந்ததும், காமெடிக்குச் சொன்னது என்றார். த்ரிஷா சும்மா இருக்கவில்லை. அவருடன் இனி நடிக்கவே மாட்டேன் என்றார். மன்சூர் மன்னிப்பும் கேட்டார், பிறகு அவதூறு வழக்கும் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்து, வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இந்த இரண்டு நடிகைகளுக்கும் மைக் இருந்தது. பதில் சொன்னார்கள். பொள்ளாச்சிப் பெண்கள் எந்த மேடையில் ஏறிப் பதில் சொல்வது? தங்கள் பெயரைக்கூட வெளியே சொல்ல முடியாத நிலை. பத்திரிகையாளர் சந்திப்பில் போலீஸ் அதிகாரியே, புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போட்டு உடைத்தார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். இவ்வளவுக்குப் பிறகும் எட்டுப் பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ம் தேதி, ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜோக்கில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள், கோர்ட்டில்தான் மனுஷிகளாக ஆனார்கள்.

'அப்படியென்றால் இந்த விஷயத்தில் ஜோக்கே அடிக்கக் கூடாதா சார்? கருத்துச் சுதந்திரம் என்னாவது?' என்று கேட்பீர்கள்.

தாராளமாக அடிக்கலாம். வடிவேலுவின் 'கையைப் பிடிச்சு இழுத்தியா' பஞ்சாயத்து ஞாபகம் இருக்கிறதா? விசாரணை அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றியே வரும். நாம் சிரிப்பது, விசாரிக்கத் தெரியாத அந்தப் பஞ்சாயத்தைப் பார்த்து. நியாயமான சிரிப்பு. ஆனால் அதே வசனத்தை, நிஜமாகவே புகாரோடு வந்து நிற்கும் பெண்ணிடம் நக்கலாகச் சொல்லிப் பாருங்கள். வசனம் ஒன்றுதான். அடிபடுகிற ஆள் மாறிவிடுகிறார்.

ஆஸ்திரேலியக் காமெடிக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பியின் 'நனெட்' நிகழ்ச்சி 2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் தன்னை அடிக்க வந்த கதையை முதலில் ஜோக்காகச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. கடைசியில்தான் மிச்சத்தைச் சொல்கிறார். அவன் திரும்பி வந்து நிஜமாகவே அடித்திருக்கிறான். சிரிப்பு வர வேண்டும் என்பதற்காக அந்தப் பாதியை இத்தனை நாளாக மறைத்தேன் என்கிறார். வன்முறையைப் பற்றிய முக்கால்வாசி ஜோக்குகள் இப்படிப் பாதியில் நிறுத்தப்பட்ட கதைகள்தான்.

நம்ம ஊருக்கே வருவோம். 2018-ல் அருப்புக்கோட்டையில், கல்லூரி மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்ததாக ஒரு பேராசிரியை மீது புகார். அந்த போன் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. மீம்ஸ் போட்டார்கள். பேராசிரியை குரலில் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். மறுமுனையில் மறுத்துப் பேசிய மாணவிகளின் குரலை யார் பேசிக் காட்டினார்கள்? அதைக் கேட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம். ஆறு வருஷம் கழித்து, 2024 ஏப்ரலில், பேராசிரியைக்கு 10 ஆண்டு சிறை. மற்ற இருவர் விடுதலை.

ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்களில் ஷிஃப்டுக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்திலெல்லாம் புகார் கமிட்டி வேண்டும் என்கிறது 2013-ம் வருஷச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் மேஸ்திரி தினமும் இந்த மாதிரி ஜோக் அடித்து, சுற்றியிருப்பவர்கள் கெக்கேபிக்கே என்று சிரித்தால், அந்தப் பெண்ணுக்கு ஒரு தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'நாளைக்கு உனக்கு நடந்தாலும் இப்படித்தான் சிரிப்போம்.' அப்புறம் அவள் எங்கே கமிட்டி வரைக்கும் போவது?

அதனால், ஒரு ஜோக்கை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு இதுதான். அதைக் கேட்ட பிறகு ஒரு பெண் புகார் கொடுப்பது சுலபமாகிறதா, கஷ்டமாகிறதா? சுலபமாகிறது என்றால் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. கஷ்டமாகிறது என்றால், எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும் அது குற்றவாளிக்குச் செய்கிற சேவை.

இதற்குப் புதுசாக தணிக்கை, தடைச்சட்டம் எதுவும் வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாம் சிரிக்காமல் இருந்தால் போதும். பபூனுக்குத் தெரியும்... இந்த ஊரில் எடுபடாத வசனத்தை அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.