வில்சனின் லைசென்ஸ்

ஹெமிங்வேயின் ‘ஃபிரான்சிஸ் மக்கோம்பர்’ கதையைப் பற்றி (1936-இல் வந்தது, முழுத் தலைப்பு இன்னும் நீளம்) யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். கடைசியில் மனைவி புருஷனை வேண்டுமென்றே சுட்டாளா, இல்லை எருமைக்கு வைத்த குறி தப்பியதா? எனக்கு அந்த விவாதம் அலுத்து ரொம்ப நாளாச்சு. கதையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான், ராபர்ட் வில்சன், கூலிக்கு வந்த வேட்டை வழிகாட்டி. அவனுடைய வேலையைப் பற்றிய கதையாக இதை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

கதை மறந்திருக்கலாம். பணக்கார அமெரிக்கத் தம்பதி ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வருகிறார்கள். கணவன் சுட்ட சிங்கம் காயத்தோடு புதருக்குள் போய்விடுகிறது. தேடிப் போகும்போது அது பாய, மக்கோம்பர் ஓட்டம் பிடிக்கிறான். வில்சன் நின்று கொல்கிறான். அன்றிரவு மனைவி வில்சனிடம் போகிறாள். மறுநாள் காட்டெருமை வேட்டையில் மக்கோம்பருக்குப் பயம் விட்டுப்போகிறது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். மனைவியின் குண்டு அவன் தலையில் பாய்கிறது.

காயம்பட்ட சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று மக்கோம்பர் கேட்கும் இடம் முக்கியம். வில்சனுக்கு அது புரியவே இல்லை. வேறு யாராவது அதன் எதிரே போய் மாட்டுவார்களே! நீ வராவிட்டால் பரவாயில்லை, நான் போகிறேன், இதற்குத்தானே இவ்வளவு கட்டணம் என்கிறான். பிறகு, தான் ஓடியதை வெளியே சொல்லாதே என்று மக்கோம்பர் கேட்கும்போது வில்சனுக்குச் சுருக்கென்கிறது. தொழில்காரன் வாடிக்கையாளரைப் பற்றி வாய் திறக்க மாட்டான். அப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவு.

க்ளையன்ட் காலுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் சிரித்த முகத்தோடு உட்காருகிறவன் நான். என்டிஏ-வில் கையெழுத்துப் போட்டவன். இந்த இடங்களைச் சட்டென்று தாண்டிப் போக என்னால் முடியவில்லை. உறவு கசந்துவிட்டால் சாப்பிடும் நேரத்தில் புத்தகம் படித்துக்கொள்ளலாம், விஸ்கி எப்படியும் அவர்களுடையதுதான் என்று வில்சன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான். ப்ராஜெக்ட் சொதப்பிய பிறகு நாங்கள் போடும் கணக்கும் இதுதான். சம்பளம் தருகிறவனின் ஒழுக்கம் எதுவோ, வேலை முடியும்வரை தன் ஒழுக்கமும் அதுவே என்பது அவன் கொள்கை. இருவர் படுக்கும் அகலத்தில் கட்டில் தூக்கிப் போகிறவன் வேறு. ஹெமிங்வே இதையெல்லாம் கிண்டல் செய்கிறாரா, மெச்சுகிறாரா? மெச்சுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் பெரிய எழுத்தாளர், தப்பவிடாமல் ஒன்றை வைத்திருக்கிறார். காட்டெருமைகளைக் காரில் துரத்துகிறார்கள். அது சட்டவிரோதம். நைரோபிக்குத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று வில்சனே ஒப்புக்கொள்கிறான். மக்கோம்பர் அன்று முதல்முறையாகச் சிரிக்கிறான்: இப்போது உன் குடுமி அவள் கையில். சாயங்காலத்துக்குள் அது திரும்பிவிடுகிறது. புருஷனைச் சுட்டவள் அழ, வில்சன் போட்டோ, சாட்சி என்று வரிசையாக ஏற்பாடு செய்கிறான். துக்கத்தில் நிற்கிறவளை அவன் அவ்வளவு கொடூரமாகக் குத்துவது ஏன் என்று விமர்சகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவன் லைசென்ஸ் பிழைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நிஜத்திலும் அந்தத் தொழில் அப்படித்தான் ஏறி இறங்கியது. வில்சனுக்கு முன்மாதிரிகளில் ஒருவர் என்று சொல்லப்படும் ப்ரோர் ப்ளிக்சன், காப்பித் தோட்டமும் கல்யாணமும் கைவிட்டுப் போனபிறகு வழிகாட்டியாகப் பிழைத்தவர். 1928-இல் வேல்ஸ் இளவரசரையே வேட்டைக்குக் கூட்டிப்போனார். பத்து வருஷத்தில் ஸ்வீடனுக்குத் திரும்பிவிட்டார். 1977-இல் கென்யா வேட்டையையே தடைசெய்தது.

வில்சனுக்காவது இழக்க ஒரு லைசென்ஸ் இருந்தது. சிங்கத்தின் ரத்தத் தடத்தை முன்னால் நடந்து பார்த்துப் போகிறவர் கொங்கோனி என்ற கிழவர். துப்பாக்கி தூக்குகிறவர். கதையில் அவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை, வீடு இல்லை. இன்னொரு பணியாளை வில்சன் சவுக்கடி சொல்லி மிரட்டுகிறான். சம்பளம் வெட்டுவதைவிட அடியே மேல் என்று அவர்களே நினைப்பதாக விளக்கமும் தருகிறான். கதை அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிடுகிறது. எனக்கும் ஹெமிங்வேக்கும் சண்டை இங்கேதான்.

இந்த ஒரு விஷயத்தில் கென்னத் ஆண்டர்சன் மேல். எழுத்தில் ஹெமிங்வேயின் கால் தூசிக்கு வரமாட்டார், மிகைப்படுத்துவார், ஒரே மாதிரி முடிப்பார். பெங்களூர்க்காரர், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் சுற்றியவர். அவருடைய முதல் புத்தகம் 1954-இல் வந்தது (எங்கள் காரைக்காலைவிட்டு பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய அதே வருஷம்). அதில் ஒரு அத்தியாயமே பைரா என்ற பூசாரியைப் பற்றியது. பைரா சட்டத்தின் கண்ணில் திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சன் கண்ணில் தனக்குக் காடு சொல்லிக்கொடுத்தவர், நண்பர். பைராவின் மனைவி மக்கள், குடியிருப்பு எல்லாம் பக்கத்தில் வருகின்றன. அப்புறம் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டர்சனின் புத்தகங்கள் இன்றும் விற்கின்றன. தடம் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு பைராக்கள் என்ன செய்தார்கள்?

காரைக்காலில் காடு கிடையாது. அரசலாறு, வயல், கடல், அவ்வளவுதான். ஆனால் சட்டம் ஒரு தொழிலை நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள காடு தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை; கிளிஞ்சல்மேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். அதற்கு அரசு நிவாரணம் தருகிறது, தாமதமானால் கேட்டுச் சண்டை போடவும் ஆள் இருக்கிறது. தடையும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

பைராக்களில் சிலருக்கு லைசென்ஸ் கிடைத்த கதையும் உண்டு. 1972 சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோன இருளர்கள், 1978-இல் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடும் வேலை. அங்கிருந்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்தார்கள், முதல் சில நாளிலேயே 13. 2023-இல் பத்மஸ்ரீ. நான் படித்த செய்திகள் எல்லாமே பாம்பை எண்ணின. புல்லில் எதைப் பார்த்து நின்றார்கள், தினக்கூலி எவ்வளவு, இரவு தங்குமிடத்தில் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று அவற்றில் ஒரு வரி இல்லை. வில்சன் யாருடைய விஸ்கியைக் குடித்தான் என்பதுவரை எனக்குத் தெரியும்.